மொட்டை மாடி ஆண்டெனா பெங்களூரைப் பார்த்த கதை

டிவி பத்தி யார் எழுதினாலும் ஒரே ஃபார்முலாதான். அப்போ ஒரே ஒரு சேனல், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை காலைல ராமாயணம், தெருவே ஒரு வீட்டுல உட்கார்ந்து பார்த்தோம், இப்போ ஐநூறு சேனல் வந்தும் பார்க்க ஒண்ணும் இல்ல... அப்படின்னு கொசுவத்தி சுத்தி, பெருமூச்சு விட்டு முடிச்சிடுவாங்க. நான் அந்தக் காலத்துல பொறக்கவே இல்ல, அதனால கொசுவத்தி சுத்துற தகுதி எனக்குக் கிடையாது :-)

ஆனா எங்க ஓசூர் பக்கத்துக்கு அந்த ஃபார்முலா அப்படியே பொருந்தாது. 80களோட தொடக்கத்துல ஓசூர்ல டிவி வெச்சிருந்தவங்களுக்கு முதல்ல தெரிஞ்சது சென்னை தூர்தர்ஷன் இல்ல, பெங்களூர் தூர்தர்ஷன். தமிழ்நாட்டு ஊர், தமிழ்நாட்டு ரேஷன் கார்டு, ஆனா சாயங்காலம் பெட்டியைப் போட்டா கன்னடம். இந்த ஒரு விஷயத்துல ஆரம்பிச்சு, சேனல்கள் பெருகப் பெருக இந்த எல்லையோரத்துல என்ன ஆச்சுன்னு யோசிச்சுப் பார்த்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல தேதிகள். இந்தியாவுல டிவி 1959 செப்டம்பர் 15-ல டெல்லில சோதனை முயற்சியா ஆரம்பிச்சது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. பெங்களூருக்கு 1981 நவம்பர். ஆக சென்னை ஆறு வருஷம் சீனியர். ஆனா ஓசூருக்கு அந்த சீனியாரிட்டியால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஏன்னா சென்னை இங்கேருந்து சுமார் 300 கிலோமீட்டர், பெங்களூர் சுமார் 40.

டிவி சிக்னல் ஏறக்குறைய நேர்கோட்டுல போற சமாச்சாரம். பூமி உருண்டைங்கறதால கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் தலைக்கு மேல போயிடும். இதுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கோபுரத்தோட உயரத்துக்கும் நம்ம ஆண்டெனா உயரத்துக்கும் (ரெண்டும் மீட்டர்ல) தனித்தனியா வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 4.12-ஆல பெருக்கினா எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் சிக்னல் எட்டும்னு தோராயமா வரும். கோபுரம் 150 மீட்டர், மொட்டை மாடி ஆண்டெனா 10 மீட்டர்னு வெச்சுக்கங்க. விடை சுமார் 63 கிலோமீட்டர். ஓசூர் அதுக்குள்ள தாராளமா வருது. போதாததுக்கு ஓசூரும் பெங்களூர் மாதிரியே பீடபூமி மேல உட்கார்ந்திருக்கு, நடுவுல பெரிய மலை இல்ல. சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரிக்கு இறங்க இறங்க கதையே வேற. தூரமும் கூடும், ஊரும் பள்ளம், சுத்தி மலை. ஒரே மாவட்டம்தான் (அப்போ தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரில), ஆனா சிக்னலைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் வேற வேற நாடு.

1956-ல மொழிவாரியா மாநிலங்களைப் பிரிச்சப்போ போட்ட கோடு மனுஷங்களுக்குத் தெரியும், வி.ஹெச்.எஃப் அலைக்குத் தெரியாது. ஓசூர் மாடிகள்ல இருந்த ஆண்டெனா எல்லாம் வடமேற்கு பார்த்து, பெங்களூரைப் பார்த்து நின்னது.

இப்போ அந்த மாடிகளுக்குக் கீழ யார் இருந்தாங்கன்னு பார்க்கணும். ஓசூர் எப்பவுமே மும்மொழி ஊர். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடம் பேசுற குடும்பங்கள், பேரிகை, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு, நடுவுல எல்லாமே கலந்து. இதுக்கு மேல 70கள்ல சிப்காட் வந்துச்சு. 1980 வாக்குல அசோக் லேலண்ட் தொழிற்சாலை, டிவிஎஸ் மொபெட், அப்புறம் 80களோட பின்பாதியில டைட்டன். வேலைக்கு மதுரை, திருநெல்வேலி, சேலம்னு தமிழ்நாட்டோட எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினாங்க. கன்னடத்துல ஒரு எழுத்துகூடத் தெரியாத ஜனங்க. ஷிஃப்ட் முடிச்சு வந்து டிவியைப் போட்டா கன்னடச் செய்தி, கன்னட நாடகம், கன்னடப் படம். ராத்திரி எட்டரை மணிக்கு மேல டெல்லியிலிருந்து இந்தியும் இங்கிலீஷும். தமிழுக்கு ரேடியோவும் தியேட்டரும்தான்.

பிடிக்குதோ இல்லையோ பார்த்தாங்க. வேற வழியில்ல. வேற வழியில்லாம பார்த்ததுலயே காது பழகிடுச்சு. ஓசூர்ல அந்தத் தலைமுறைக்காரங்க பலபேர் கன்னடத்துல சரளமா பேசுறதுக்கு பெங்களூர் சந்தையும் பஸ்ஸும் மட்டும் காரணம் இல்ல, இந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டுங்கறது என் கட்சி. ஒரு உதாரணம் சொல்றேன். 1994-ல பாலச்சந்தரோட டூயட் வந்தப்போ தமிழ்நாடே "யாருய்யா இந்த புது வில்லன்"னு பிரகாஷ்ராஜைப் பார்த்து ஆச்சரியப்பட்டுச்சு. அதுக்குச் சில வருஷம் முன்னாடியே அவரு பிரகாஷ் ராய்ங்கற பேர்ல பெங்களூர் தூர்தர்ஷன்ல 'குட்டத பூத'ங்கற கன்னடத் தொடர்ல நடிச்சிருந்தார். பெங்களூர் சிக்னல் எட்டின தமிழ்நாட்டு வீடுகளுக்கு அவர் ஏற்கனவே தெரிஞ்ச முகம்.

இன்னொரு வேடிக்கை. டைட்டன் விளம்பரத்துல வருமே ஒரு இசை, மொஸார்ட்டோட 25-ஆம் சிம்பொனி. இந்தியா முழுக்க ஜனங்க முணுமுணுத்த ட்யூன். அந்த வாட்ச் தயாரானது ஓசூர்ல. இந்த ஊரு செஞ்ச பொருளை டிவி நாடு முழுக்கக் காட்டுச்சு, இந்த ஊருக்கு அதோட சொந்த மாநிலத்து மொழியைக் காட்ட மட்டும் கஷ்டப்பட்டுச்சு.

இதை நான் பொற்காலம்னு சொல்ல வரல. தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒரு பாட்டிக்கு அந்தப் பெட்டி வெறும் பொம்மலாட்டம். வீட்டுல தெலுங்கு பேசுறவங்களுக்கு நிலைமை இன்னும் மோசம், தமிழ்ப் பள்ளிக்கூடம், கன்னட டிவி, ரெண்டுலயும் அவங்க மொழி கிடையாது. ஒரே திரைன்னா அதுல யாரோட மொழி வரணும்ங்கற சண்டையும் கூடவே வரும். 1994 அக்டோபர்ல பெங்களூர் தூர்தர்ஷன் தினம் பத்து நிமிஷம் உருதுச் செய்தி ஒளிபரப்ப ஆரம்பிச்சது. வெறும் பத்து நிமிஷம். அதுக்கு எதிர்ப்பு கிளம்பி, கலவரமா மாறி இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. எங்க ஊர்லேருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்துல நடந்த விஷயம் இது. ஒத்தை சேனல் காலத்தை நினைச்சு உருகுறவங்க இதையும் கணக்குல சேர்த்துக்கணும்.

அடுத்த கட்டம் கேபிள். 1991-ல வளைகுடாப் போரை சிஎன்என்ல நேரடியா காட்டுறாங்கன்னு பெரிய ஹோட்டல்கள்ல டிஷ் வெச்சாங்க, அதே வருஷம் ஆசியாசாட் செயற்கைக்கோள் வழியா ஸ்டார் டிவி வந்தது, தெருவுக்குத் தெரு டிஷ் முளைச்சது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டிவி. 1994 ஜூன்ல அதே குழுமத்தோட கன்னட சேனல் உதயா. தெலுங்குல ஜெமினி 1995. இன்னும் ராஜ், விஜய், ஜெயா, கன்னடத்துல 2000 டிசம்பர்ல ஈடிவின்னு வரிசை கட்டி வந்துச்சு.

இங்கதான் இந்தப் பதிவோட முக்கியமான மேட்டர் வருது, கொஞ்சம் கவனிங்க. அனலாக் கேபிள்ல ஒரு குணம் உண்டு. கேபிள்காரர் தன்னோட அறையில எத்தனை சேனலை வயர்ல ஏத்துறாரோ, அத்தனையும் தெருவுல இருக்கற எல்லா வீட்டுக்கும் போகும். உனக்கு இது, அவனுக்கு அதுன்னு வீடு வீடா பிரிச்சுக் கொடுக்க முடியாது. ஒரே வயர், ஒரே மூட்டை. அந்த மூட்டைக்கும் அளவு உண்டு. ஒரு அனலாக் சேனலுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் இடம் வேணும், பழைய டிவிகள்ல முதல் பத்துப் பன்னிரண்டு நம்பரைத் தாண்டினா படம் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். அதனால எந்த சேனலை எந்த நம்பர்ல போடறதுங்கறது பெரிய அரசியல். நல்ல நம்பருக்காக சேனல்காரங்க கேபிள் நெட்வொர்க்குகளுக்குப் பணம் கொடுத்த காலமும் இருந்தது.

ஆனா ஓசூர் மாதிரி ஊர்ல கேபிள்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மாசம் பொறந்தா அவர்தான் வீடு வீடா வந்து காசு வாங்கணும். ஒரு வீடு தெலுங்கு, அடுத்த வீடு கன்னடம், எதிர்வீடு திருநெல்வேலி. ஜெமினி வரலைன்னா ஒரு அம்மா பணம் தரமாட்டாங்க, உதயா வரலைன்னா இன்னொருத்தர் வாசல்லயே நிக்க வெச்சுக் கேப்பார். அதனால மூணு மொழியும் மூட்டைல போயாகணும். மூட்டைல போனா எல்லா வீட்டுக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கின ஜெமினி நம்ம வீட்டுக்கு இலவசமா வந்தது, நாம கேட்டு வாங்கின சன் டிவி அவங்க வீட்டுக்குப் போச்சு. யாரும் திட்டம் போட்டுச் செய்யல. டெக்னாலஜியோட குறைபாடு அது. நான் வளர்ந்த தெருவுல எங்க வயசுப் பசங்க மூணு மொழிப் பாட்டும் பாடினதுக்கு அந்தக் குறைபாடுதான் காரணம்.

ரிமோட்டைத் திருப்பினா வேற ஒரு வித்தியாசமும் தெரியும். கர்நாடகத்துல வேற்றுமொழிப் படங்களையும் தொடர்களையும் கன்னடத்துல டப்பிங் செய்யக்கூடாதுன்னு 60கள்லேருந்தே ஒரு எழுதப்படாத தடை. அதனால தமிழ், தெலுங்குல டப்பிங் செஞ்சு ஓடினது எதுவும் கன்னடத்துல அப்படி வராது, ரீமேக்தான். ராதிகாவோட 'சித்தி' தெலுங்குல 'பின்னி'ன்னு டப்பிங் ஆகிப் போச்சு, கன்னடத்துக்கு அந்த வழி அடைச்சிருந்தது. 2012-ல அமீர்கானோட 'சத்யமேவ ஜயதே' தமிழ், தெலுங்கு, மலையாளத்துலல்லாம் வந்தது, கன்னடத்துல வரல. 2015-ல போட்டி ஆணையம் இந்தத் தடை தப்புன்னு உத்தரவு போட்டுச்சு. அப்பவும் உடனே மாறிடல. 2017-ல சன் டிவிக்காக சுந்தர் சி எடுத்த 'நந்தினி'யை தமிழ், கன்னடம் ரெண்டுலயும் சேர்த்தே எடுத்தாங்க, தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் மட்டும் டப்பிங். கடைசியில 2020 ஊரடங்குல படப்பிடிப்பு நின்னுபோன நேரத்துலதான் மகாபாரதத் தொடர் கன்னடத்துல டப்பிங் ஆகி ஓடினது. தமிழ்ல அதே தொடர் 2013-லேயே விஜய் டிவில வந்தாச்சு. இன்னொரு பக்கம், பிக் பாஸை கன்னடக்காரங்க 2013-லயே பார்த்துட்டாங்க, நமக்கு 2017. எல்லையில இருக்கறவனுக்கு மட்டும் ரெண்டு வரிசையும் பக்கத்துப் பக்கத்துல தெரியும். "கன்னட டிவில சொந்தமா கதை நிறைய வருதே, ஏன்?"னு கேட்டவனுக்கு டப்பிங் தடையோட நல்லதும் கெட்டதும் புத்தகம் படிக்காமலே புரியும்.

சரி, இந்த ஒரே வயர் காலம் எப்படி முடிஞ்சது?

முதல்ல மாநில அரசு உள்ள வந்தது. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. ஜூஜூவாடி வரைக்கும் உண்டு, செக்போஸ்ட் தாண்டி அத்திப்பள்ளில கிடையாது. 2007-ல அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் உருவாச்சு, 2011 செப்டம்பர்ல மாசம் 70 ரூபாய்னு மறுபடி தொடங்கினாங்க. ஏழைக் குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எந்தெந்த சேனல்ங்கற முடிவு தெருமுனை கேபிள்காரர் கையிலிருந்து மெல்ல நகர்ந்து மேல போக ஆரம்பிச்சது இங்கேருந்துதான்.

அடுத்தது டிஜிட்டல். மத்திய அரசு கேபிளை டிஜிட்டலுக்கு மாத்தணும்னு 2011-ல சட்டத்தைத் திருத்தி, கட்டம் கட்டமா கெடு வெச்சது. பெங்களூர் இரண்டாம் கட்டம், கெடு 2013 மார்ச் 31. ஓசூர் மாதிரி ஊர்கள் மூணாம் கட்டம், கெடு 2015 டிசம்பர் 31. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைச்சதே 2017 ஏப்ரல்லதான். 40 கிலோமீட்டர் இடைவெளில நாலு வருஷ வித்தியாசம்.

இந்த டிஜிட்டல் அமைப்போட முழுப்பேர்லயே 'அட்ரஸபிள்'னு ஒரு வார்த்தை இருக்கு. நம்ம ஃபீல்டு ஆளுங்களுக்கு உடனே புரியும். ஒவ்வொரு செட்டாப் பாக்ஸுக்கும் தனி முகவரி, எந்தப் பெட்டிக்கு எந்த சேனல் திறக்கணும்னு தலைமை சர்வர்ல முடிவு பண்ணலாம். அதே 7, 8 மெகாஹெர்ட்ஸ் இடத்துல இப்ப பத்து சேனலுக்கு மேல அடைக்கலாம். படம் பளிச்சுன்னு வருது. எல்லாம் சரி. ஆனா மூட்டை வீடு வீடா பிரிஞ்சுடுச்சு.

2019-ல டிராயோட புதுக் கட்டண முறை அமலுக்கு வந்தப்போ அது முழுமை ஆச்சு. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு நூறு சேனல், கட்டண சேனலுக்குத் தனிக் காசு, பேக்குல சேர்க்கற சேனலோட விலை 19 ரூபாய்க்கு மேல போகக்கூடாது. நீ பார்க்கறதுக்கு மட்டும் நீ காசு கொடுன்னு சொன்னது கேக்க நியாயமாத்தான் இருந்தது. கம்பெனிகள் உடனே மொழிவாரியா பேக் போட்டாங்க. தமிழ் பேக், கன்னட பேக், தெலுங்கு பேக். 1956-ல மாநிலத்தைப் பிரிச்ச மாதிரி 2019-ல செட்டாப் பாக்ஸைப் பிரிச்சாச்சு. ரெண்டு பேக் எடுத்தா ரெண்டு செலவு, சம்பளக்காரன் எத்தனை பேர் எடுப்பான்? தமிழ்க் குடும்பம் தமிழ் பேக், தெலுங்குக் குடும்பம் தெலுங்கு பேக். பக்கத்து வீட்டு ஜெமினி இப்பல்லாம் சுவரைத் தாண்டி வராது.

இதுக்கப்புறம் போன். 2016-ல ஜியோ வந்து டேட்டா சல்லிசாச்சு, 2017-ல சன் நெக்ஸ்ட், அது இதுன்னு ஆப்கள். திறந்த உடனே முதல் கேள்வி: உங்க மொழி எது? ஒண்ணைத் தட்டினா அதுக்கப்புறம் அந்த ஆப் நமக்குக் காட்டுறது எல்லாமே பெரும்பாலும் அந்த மொழிதான். பார்க்கப் பார்க்க அதையே இன்னும் காட்டும். இந்த மாதிரி ஃபில்டர் எழுதறது என்னை மாதிரி ஆளுங்களோட தினப்படி வேலை, அதனால குத்தம் சொல்லல, எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். இன்னிக்கு ஓசூர் ஃபேக்டரிகளுக்கு ஜார்கண்ட், ஒடிஷாவிலிருந்தெல்லாம் பிள்ளைங்க வேலைக்கு வர்றாங்க. 1980-ல திருநெல்வேலிக்காரர் வந்து இறங்கின அதே இடம். அவர் வேற வழியில்லாம இந்தப் பக்கத்து மொழியைக் கேட்டார். இந்தப் பிள்ளைங்களுக்குக் கையிலயே அவங்க ஊர் பாட்டு இருக்கு. தனியா வந்து கிடக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அதே சமயம் பஸ்ல பக்கத்து சீட்டுல இருக்கறவங்களோட பேச நாலு வார்த்தை கத்துக்கற வாய்ப்பு ஒண்ணும் கூடவே போகுது.

வரிசையா வெச்சுப் பார்த்தா இப்படி வருது. முதல்ல ஒரு கோபுரம், ஒரு ஊருக்கே ஒரு மொழி. அப்புறம் ஒரு வயர், ஒரு தெருவுக்கு மூணு மொழி. அப்புறம் ஒரு பெட்டி, ஒரு வீட்டுக்கு ஒரு மொழி. இப்போ ஒரு போன், ஆளுக்கு ஒரு மொழி. சேனல் எண்ணிக்கை மட்டும் நேரா ஏறிட்டே போகுது. ஆனா ஒரு சராசரி ஓசூர்க்காரன் காதுல விழற மொழிகளோட எண்ணிக்கை நடுவுல ஏறி, இப்போ இறங்கிட்டு இருக்கு. பல வகை கிடைக்குதுங்கறதும் பல வகை நம்ம வீட்டுக்குள்ள வருதுங்கறதும் வேற வேற விஷயம்.

இதனால என்ன நஷ்டம்னு கேக்கலாம். 2016 செப்டம்பரை நினைச்சுப் பாருங்க. காவிரிப் பிரச்சனைல பெங்களூர்ல தமிழ்நாட்டு பஸ்களை எரிச்சாங்க, எல்லையில பஸ் நின்னு ஜனங்க பையைத் தூக்கிட்டு அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவுல நடந்தாங்க. கர்நாடகத்துல பல கேபிள்காரங்க தமிழ் சேனல்களை நிறுத்தினாங்க. அந்த மாதிரி நேரத்துல ரெண்டு பக்கச் செய்தியையும் அவங்கவங்க மொழியிலேயே கேட்டு, "இவன் ஊதிப் பெருக்கறான், அவன் மறைக்கறான்"னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஜனங்க எல்லையோரத்துலதான் அதிகம் இருந்தாங்க. ஒரு மொழி மட்டும் தெரிஞ்சவனுக்கு ஒரு பக்க வதந்தி மட்டும்தான் வந்து சேரும். அடுத்த முறை பிரச்சனை வரும்போது (வராம இருக்கணும்) அந்த மாதிரி காது உள்ளவங்க எத்தனை பேர் மிச்சம் இருப்பாங்கங்கறதுதான் என் கவலை.

இன்னொரு நஷ்டம் சின்னப் பிள்ளைங்களுக்கு. 2006-ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே எல்லாப் பள்ளியிலயும் தமிழ் கட்டாயம். அது வேணும்ங்கறதுதான் என் கருத்து. ஆனா வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுற ஒரு ஓசூர்ப் பிள்ளைக்கு தாய்மொழியோட எழுத்து கண்ணுல படற இடங்கள் ரொம்பக் கம்மி. டிவில கீழ ஓடற செய்தி வரி அதுல ஒண்ணு. அந்த சேனல் காசு கொடுத்தாத்தான் வரும்னா முதல்ல வெட்டு விழறது அதுக்குத்தான்.

பழைய மாதிரி ஒரே கோபுரத்துக்குத் திரும்பணும்னு நான் சொல்லல. அந்தக் கோபுரங்களும் இல்ல, 2021 வாக்குல தூர்தர்ஷன் தன்னோட அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள்ல பெரும்பாலானதை மூடிடுச்சு. எங்க மாடிகள்ல ஆண்டெனா இருந்த இரும்புக் குழாய்ல இப்போ துணி காயுது. ஆனா முன்னாடி டெக்னாலஜி நம்மமேல திணிச்சதை இனிமே நாமளா செஞ்சாத்தான் உண்டு. நம்ம பாக்ஸ்ல பொதிகை (2024 ஜனவரிலேருந்து அது டிடி தமிழ்) இருக்கற மாதிரியே பெங்களூர் தூர்தர்ஷனோட சந்தனா சேனலும் இருக்கும். காசு கிடையாது, பேக்கும் கிடையாது. யாரும் போகாத ஏதோ ஒரு நம்பர்ல உட்கார்ந்திருக்கும். எல்லையோர மக்கள் வாரத்துக்கு அரை மணி நேரம் அந்த நம்பருக்குப் போய்ப் பாருங்க. முதல் நாள் புரியாது. 1981-ல எங்க ஊர்க்காரங்களுக்கும் புரியல.

செங்கோட்டை, களியக்காவிளை, பொள்ளாச்சி, கும்மிடிப்பூண்டி பக்கத்து மக்களே, உங்க மாடி ஆண்டெனா அந்தக் காலத்துல எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: கன்னடப் பற்று, தமிழ்த் துரோகம் ரெண்டுக்கும் சேர்த்துத் திட்டலாம்னு வர்றவங்க தாராளமா வரலாம். மூணு மொழியிலயும் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு :-)